சும்மா நிற்பதும் வேலை செய்து நிற்பதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த 'பொருள் என்று ஒன்று இல்லை' கட்டுரையையும், மறுவாரம் கும்பகோணம் வாசகர் ஒருவர் அதற்கு எழுதியிருந்த காரசாரமான பதிலையும் படித்தேன். உலகத்தில் நிலையான பொருள் எதுவுமே கிடையாது, எல்லாம் நிகழ்ச்சி, எல்லாம் ஓட்டம், மனிதன், மலை, மேசை என்று நாம் பிரித்துப் பார்ப்பது வெறும் பொய்த்தோற்றம் என்கிறார் கட்டுரையாளர். அதெல்லாம் வாய்ப்பேச்சு, அணு என்று ஒன்று இருக்கிறது, அது மாறாது, மற்றதெல்லாம் அதன் கூட்டல் கழித்தல் என்கிறார் வாசகர். இரண்டு பேரும் பாதி வழியிலேயே இறங்கிவிட்டார்கள் என்பது என் எண்ணம். நான் தத்துவம் படித்தவன் இல்லை. வெண்ணாற்றுப் பாசனப் பகுதியில் மதகு, ரெகுலேட்டர், கரை என்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓடுவது எது, நிற்பது எது என்ற கேள்வியைச் சம்பளம் வாங்கிக்கொண்டு பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள், எண்களை மட்டும் வெட்டாதீர்கள்.

முதலில் கட்டுரையாளருக்கு. அடியில் இருப்பது மாற்றம்தான் என்கிறாரே, அதில் எனக்கு வழக்கு இல்லை. 'ஆகவே நிலைத்திருப்பது பொய்' என்று அடுத்த வரியில் தாவிவிடுகிறார், வழக்கு அங்கேதான். ஓடுகிற உலகத்தில் ஒன்று ஓரிடத்தில் நிற்கிறது என்றால் அதை ஏதோ நிறுத்தி வைத்திருக்கிறது. அந்த நிறுத்தி வைத்தல் நிஜம். அதற்குச் செலவு உண்டு, ஆள் உண்டு, சில இடங்களில் அரசாணையே உண்டு.

அவர் சாட்சிக்குக் கூப்பிட்டிருப்பது, எல்லோரும் கூப்பிடுகிற கிரேக்க ஞானி ஹெராக்ளிட்டஸை. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் எபேசுஸ் நகரத்தில் இருந்தவர். 'ஒரே ஆற்றில் இரண்டு முறை இறங்க முடியாது' என்பது அவர் பெயரில் உலவுகிற வாசகம். ஆனால் அந்த வடிவம் பின்னால் பிளேட்டோ எடுத்துச் சொன்னது. ஹெராக்ளிட்டஸின் சொந்த வார்த்தைக்கு மிக நெருக்கமானது என்று அறிஞர்கள் பலர் ஏற்கும் வரி வேறு மாதிரி இருக்கிறது: அதே ஆறுகளில் இறங்குகிறவர்கள் மேல் வேறு வேறு தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. அதே ஆறு, வேறு தண்ணீர். ஆற்றைக் கண்ணால் பார்க்கிற யாருக்கும் இதில் புதிர் எதுவும் இல்லை, தண்ணீர் மாறுவது நின்றால்தான் அது ஆறாக இல்லாமல் குட்டையாகிவிடும். பின்னால் வந்த க்ராட்டிலஸ் என்பவர் ஒரு முறைகூட இறங்க முடியாது என்று சொல்லி, கடைசியில் எதைப் பற்றியும் பேசுவதே தப்பு என்று விரலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாராம். இதை எழுதி வைத்தவர் அரிஸ்டாட்டில். கட்டுரையாளர் அந்தத் திசையில்தான் போகிறார், ஆனால் விரலை ஆட்டாமல் மூன்று பத்தி எழுதியிருக்கிறார்.

உங்கள் பத்திரிகையில் தினமும் ஒரு சின்னப் பெட்டி வருகிறது: மேட்டூர் நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை, வெளியேற்றம் இத்தனை. டெல்டாக்காரர்கள் பாதிப் பேர் பத்திரிகையைத் திருப்பியதும் பார்ப்பது அதைத்தான். நீர்மட்டம் 120 அடியில் பத்து நாளாக அப்படியே இருக்கிறது என்று செய்தி வந்தால் என்ன அர்த்தம்? தண்ணீர் அசையவில்லை என்றா? வருவதும் போவதும் சமமாக இருக்கிறது என்று அர்த்தம். விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்கப் போனால் ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி. அந்தக் கணக்கில் முப்பதாயிரம் வந்து முப்பதாயிரம் போனால் ஒரு நாளைக்கு இரண்டரை டிஎம்சிக்கு மேல் அணையைக் கடந்து போகிறது, அளவுகோல் மட்டும் ஆடவில்லை. 120 அடி என்பது பொய்த்தோற்றமா? அதை நம்பித்தான் ஜூன் 12-ல் பாசனத்துக்கு அணையைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். ஆனால் அதைக் கையில் எடுத்துக் காட்டக்கூடிய பொருள் என்றும் சொல்ல முடியாது.

நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு பிரிந்து கோரையாறு, பாமணியாறு என்று போகிறது. அங்கே சுவரில் வெள்ளை அடித்துக் கறுப்பில் அடிக்கணக்கு எழுதியிருக்கும். தண்ணீர் விட்டு ஒரு வாரம் ஆனால் கீழ் எண்கள் பாசி பிடித்து மறைந்துவிடும், மேலே இருப்பதை வைத்துக் கணக்குப் போட வேண்டும். மதகை அமைத்துவிட்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் தெரியும், ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்று வரும், சுழலும், உள்ளே போகும், அப்புறம் ஒரு வாழைமட்டை, ஒரு செருப்பு, இன்னொரு கொத்து, இவ்வளவும் போகும்போது நீர்க்கோடு அதே எண்ணைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஷட்டரை அரை அடி ஏற்றினால் கோடு இறங்கி இன்னொரு இடத்தில் போய் நிற்கும். நிற்கும் இடத்தை மாற்ற ஓட்டத்தை மாற்ற வேண்டும், வேறு வழியே கிடையாது.

சரி, தண்ணீர் ஓடட்டும், ஆறாவது நிலையானதா? அதுவும் இல்லை, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. கொள்ளிடம் பள்ளம், கடலுக்குக் குறுக்கு வழி. காவிரிப் பக்கம் மேடு, வளைந்து வளைந்து கிளை பிரிந்து போகிற வழி. ஆற்றை அதன் இஷ்டத்துக்கு விட்டால் கொள்ளிடத்தில்தான் போகும், ஆண்டுதோறும் அந்தப் பக்கம் ஆழமாகும், இந்தப் பக்கம் மணலேறும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது, தஞ்சாவூர் வயல்களுக்குத் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. 1836-ல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலையில் மேலணையைக் கட்டியதற்குக் காரணம் இதுதான். அதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே கரிகாலன் பெயரில் நிற்கிற கல்லணையும், காவிரித் தண்ணீர் அங்கே கொள்ளிடத்துப் பக்கம் சரிந்துவிடாமல் பிடித்துக்கொடுக்க வந்ததுதான். ஆக, நாம் தொன்றுதொட்டு ஓடும் காவிரி என்று பெருமையாகச் சொல்கிறோமே, அது அந்த இடத்தில் ஓடுவதற்கு ஆற்றின் விருப்பம் காரணம் இல்லை, தலைமுறை தலைமுறையாக அதைத் திருப்பி விட்டவர்கள் காரணம். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனபோது உங்கள் பத்திரிகையில் படம் வந்தது, பார்த்திருப்பீர்கள். கட்டுரையாளர் பாஷையில் அது 'ஒரு பொய்த்தோற்றம் கலைந்தது' என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வாரம் கல்லையும் மணல் மூட்டையையும் போட்டு அடைத்தவர்கள் முன்னால் அவர் அதைச் சொல்லிப் பார்க்கலாம்.

கரையும் அப்படித்தான். வெளியிலிருந்து பார்த்தால் மண்மேடு, அசையாத பொருள். கிட்டே போய் உட்கார்ந்து பார்த்தால் நண்டு வளை, எலி வளை, மாடு இறங்கின தடம், கோடையில் விட்ட வெடிப்பு. உடைப்பு பெரும்பாலும் மேலே வழிந்து வருவதில்லை, அடியில் ஏதோ ஒரு வளையில் தண்ணீர் கசிய ஆரம்பித்து, கசிவு கலங்கலாக மாறி, அப்புறம் கால் மணி நேரத்தில் ஒரு வண்டி போகிற அளவுக்கு வாய் திறந்துவிடும். கசிவு தெளிவாக வந்தால் பொறுக்கலாம், கலங்கி வந்தால் மண் போகிறது என்று அர்த்தம், உடனே சவுக்குக் கட்டை இறக்கி, குறுக்கே படல் கட்டி, சாக்கில் மணல் அள்ளிப் போட வேண்டும். இதைச் செய்யாத கரை பத்து மழைக்காலத்துக்குமேல் கரையாக இருக்காது.

இப்போது கும்பகோணம் வாசகருக்கு வருகிறேன். அவருடைய அணு மாறாத அணு என்றால், வயலுக்குப் போடும் பொட்டாஷ் மூட்டையை எடுத்துக்கொள்ளட்டும். அதில் உள்ள பொட்டாசியத்தில் பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் பொட்டாசியம்-40 என்ற வகை இருக்கிறது. அது தானாகச் சிதைந்து பெரும்பாலும் கால்சியமாகவும் கொஞ்சம் ஆர்கான் வாயுவாகவும் மாறிக்கொண்டே இருக்கிறது. பாதி சிதைய 125 கோடி ஆண்டு ஆகும், ஆனால் அணுக்கள் எண்ணிக்கையில் அவ்வளவு இருப்பதால் நடுத்தர உடம்புள்ள ஒரு மனிதனுக்குள் மட்டும் விநாடிக்குச் சுமார் 4,000 பொட்டாசியம் அணுக்கள் வேறு தனிமமாக மாறுகின்றன. இந்தக் கடிதத்தை அவர் படித்து முடிப்பதற்குள் பல லட்சம். பயப்பட ஒன்றும் இல்லை, மனிதன் பிறந்த காலத்திலிருந்தே இப்படித்தான்.

ஆனால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. எலக்ட்ரான் சிதைந்து யாரும் பார்த்ததில்லை. புரோட்டான் சிதைகிறதா என்று ஜப்பானில் சூப்பர்-காமியோகாண்டே என்ற இடத்தில், ஒரு சுரங்கத்துக்குள் 50,000 டன் சுத்தமான தண்ணீரைத் தொட்டியில் தேக்கி 1996 முதல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். (பெரிய அளவாகத் தெரியும். மேட்டூரில் விநாடிக்கு 11,574 கன அடி திறந்தால் அவ்வளவு தண்ணீர் இரண்டரை நிமிடத்தில் போய்விடும்.) இதுவரை ஒரு புரோட்டான்கூடச் சிதைந்து காணவில்லை. குறைந்தது ஒன்றுக்குப் பின்னால் 33 சுழியம் போட்ட ஆண்டுகளாவது அது தாங்கும் என்கிறார்கள். ஆகவே பிடிவாதமாக நிற்கிறவையும் உலகத்தில் உண்டு, இதைக் கட்டுரையாளர் மழுப்பியிருக்கக் கூடாது. ஆனால் அந்தப் புரோட்டானுக்குள்ளும் போனால் வேடிக்கை. அதன் எடையில் உள்ளே இருக்கும் குவார்க்குகள் என்ற நுண்துகள்களின் சொந்த எடை நூற்றில் ஒரு பங்குதான். மீதி எல்லாம் அவை ஓடுகிற வேகமும் அவற்றைக் கட்டிப் பிடித்திருக்கும் விசையின் ஆற்றலும். அசையாததின் எடை அசைவிலிருந்து வருகிறது.

இதிலிருந்து நான் பிரித்துக்கொள்வது இரண்டு வகை நிலைப்பு. புரோட்டான் நிற்பதற்கு யாரும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை, அது சும்மா நிற்கிறது. கருங்கல்லும் ஏறத்தாழ அந்த வகை. ஆறு, கரை, நெற்பயிர், மனித உடம்பு, ஊராட்சி, பத்திரிகை, இவையெல்லாம் வேலை செய்து நிற்கின்றன. வருவது நின்றாலோ போவது அடைபட்டாலோ முடிந்தது. இரண்டுக்கும் நடுவே கோடு அவ்வளவு சுத்தமாக விழாது என்பதும் உண்மைதான். தஞ்சைப் பெரிய கோயில் 1010-ல் எழுந்த கல், டெல்டாவில் கல்லே கிடையாது, எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்தது. ஆயிரம் ஆண்டாக நிற்கிறதே, அது சும்மா நிற்கும் வகைதானே என்றால், கோபுர இடுக்கில் முளைக்கிற அரசங்கன்றை அவ்வப்போது பிடுங்கிப் போடுகிற ஆள் ஒருவர் இருக்கிறார்.

உடம்பைப் பற்றிக் கட்டுரையில் வந்த ஒரு வாக்கியத்தையும் திருத்த வேண்டும். ஏழு ஆண்டுக்கு ஒரு முறை உடம்பில் எல்லா அணுக்களும் செல்களும் மாறிவிடும், ஆகவே பழைய ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறார். எங்கே பார்த்தாலும் சொல்கிறார்கள், ஆனால் சரி இல்லை. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், ஆடுதுறை 43 நெல் போட்டு அறுத்துவிடுகிற காலத்தைவிடப் பத்து நாள் கூட. குடலின் உள்தோல் சில நாட்களில் புதிதாகிவிடும். எலும்பு ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் மெதுவாக மாறும். ஆனால் மூளையின் மேற்பரப்பில் உள்ள நரம்பு செல்கள் பெரும்பாலும் பிறந்தது முதல் கடைசிவரை அதே செல்கள்தான். இதைக் கண்டுபிடித்த வழி சுவாரசியமானது: 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறியது, அப்படி வெடிப்பதைத் தடுத்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு இறங்கத் தொடங்கியது, எந்த ஆண்டில் பிறந்த செல்லோ அந்த ஆண்டின் அளவு அதன் டிஎன்ஏவில் பதிந்திருக்கும். அதை வைத்து 2005-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் செல்களுக்கு வயது சொன்னார்கள். கண் வில்லையின் நடுவில் இருக்கும் புரதமோ நாம் தாய் வயிற்றில் இருந்தபோது உருவானது. எழுபது வயது ஆள் ஒருவருக்குள் மூன்று நாள் வயதுள்ளதும் இருக்கிறது, எழுபதைத் தாண்டியதும் இருக்கிறது. அவரைப் பொருள் என்பதா, நிகழ்வு என்பதா என்று கேட்பதைவிட எது எந்த வேகத்தில் மாறுகிறது என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

'எல்லாம் மாறுகிறது, ஆகவே பழைய ஆள் இல்லை' என்ற வாதம் கடன்காரனுக்குத்தான் ரொம்பப் பிடிக்கும். எபிகார்மஸ் என்ற பழைய கிரேக்க நாடகக்காரர் இதை வைத்தே கேலி செய்திருக்கிறார்: கடன் வாங்கியவன், 'வாங்கியது நான் இல்லை, அந்த ஆள் மாறிவிட்டான்' என்கிறான். கொடுத்தவன் அவனைச் சாத்திவிட்டு, 'அடித்தது நான் இல்லை, அந்த ஆளும் மாறிவிட்டான்' என்கிறான். நம் ஊர் கூட்டுறவுச் சங்கத்தில் இப்படிப் பேசினால் சிரித்துவிட்டு நகையை ஏலத்துக்கு அனுப்புவார்கள். பேரேட்டில் கையெழுத்து இருக்கிறது, வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது, அந்தப் பேரேட்டை ஒருவர் தினமும் உட்கார்ந்து எழுதுகிறார். கடன் நிற்பதும் அப்படித்தான்.

நம் நாகப்பட்டினமே இதற்கு நல்ல சாட்சி. எல்லாம் கணத்துக்குக் கணம் தோன்றி அழிகிறது என்பதைப் பௌத்தத்தில் பெரும்பிரிவுகள் மிக நுட்பமாக வாதாடியிருக்கின்றன, மணிமேகலையின் கடைசிப் பகுதி முழுக்க இந்த மாதிரி வாதங்கள்தான். அந்தப் பௌத்தர்களுக்கு கடல் கடந்த சுமத்திராவின் ஸ்ரீவிஜய அரசர்கள் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டினார்கள். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அதற்குக் கொடுத்தான். இம்மாதிரி தானங்களைச் சூரிய சந்திரர் உள்ளவரை என்று எழுதுவதுதான் அந்தக் காலத்து வழக்கம். கணமும் நிலைக்காது என்றவர்களுக்குச் சந்திரன் உள்ளவரை ஊர். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, அவர்கள் கெட்டிக்காரர்கள், ஓடுகிற உலகத்தில் மடத்துச் சாப்பாடு நிற்காமல் நடக்க எல்லை குறித்த நிலமும் எழுதி வைத்த ஏடும் வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. மயிலாடுதுறைப் பக்கம் சைவ சித்தாந்தம் படித்தவர்களைக் கேட்டால் 'உள்ளது போகாது, இல்லது வாராது' என்று ஒரே வரியில் முடிப்பார்கள். அதற்குள் நான் போகவில்லை, போனால் என் கடிதமும் போகாது.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், வேலை செய்து நிற்பதைச் சும்மா நிற்பதாக நினைப்பதுதான் டெல்டாவில் நாம் தினமும் பார்க்கிற கோளாறு. வாய்க்கால் தூர்வாரும் பணி 'முடிந்தது' என்று பலகை வைக்கிறார்கள், திறந்துவைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றாவது ஆண்டு நெய்வேலி காட்டாமணக்கு ஆள் உயரம் நிற்கிறது, கடைமடைக்காரர் தண்ணீர் வரவில்லை என்கிறார், 'போன முறைதானே தூர்வாரினோம்' என்று அலுவலகத்தில் பதில் வருகிறது. சாப்பாடு போன வாரம்தானே போட்டோம் என்கிற மாதிரி இருக்கிறது. கட்டுவதற்கு ஒதுக்கும் பணத்தில் பேர் இருக்கிறது, பராமரிப்புக்கு ஒதுக்கும் பணத்தில் பேர் இல்லை, அவ்வளவுதான் காரணம். 'பொருள் என்று ஒன்று இல்லை' என்பவர்களும் இதற்கு உதவ மாட்டார்கள், அவர்களுக்குத்தான் வாய்க்காலே இல்லையே.

நிலமும் அப்படித்தான். இந்த டெல்டா முழுவதும் ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். வண்டல் வரத்து குறைந்தால் கடற்கரை ஓரம் மெல்ல மெல்ல இழப்புதான். தரங்கம்பாடியில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் காலத்தில் கட்டிய மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. அணைகள் வருவதற்கு முன்பிருந்தே கடல் அங்கே அரித்துக்கொண்டுதான் இருந்தது, எல்லாப் பழியையும் அணை மேல் போட முடியாது. ஆனால் மேலே தேங்குகிற வண்டல் கீழே வராது என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

அந்த வண்டல் எங்கே இருக்கிறது? கணிசமான பங்கு மேட்டூர் அணைக்குள். அணையில் முதன்முதலாகத் தண்ணீர் தேக்கியது 1934-ல். முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்று அன்று கணக்கிட்டார்கள். தொண்ணூறு ஆண்டாக ஆறு மண்ணோடு உள்ளே வந்து தண்ணீராக வெளியே போகிறது, உங்கள் பெட்டியில் இன்றும் 93.47. நீர்மட்டத்தைத் தினமும் புதிதாக அளந்து போடுகிறீர்கள், பாத்திரத்தின் அளவை மட்டும் 1934-ல் விட்டுவிட்டீர்கள். ஆகவே ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'அணை கட்டியபோது' என்று இரண்டு சொல் சேர்த்துப் போடுங்கள். வண்டல் படிவை அளந்த அறிக்கைகள் துறையில் இருக்கும், நிருபர் ஒருவரை அனுப்பிக் கேட்டு வாங்கி ஒரு நாள் முழுப் பக்கம் வெளியிடுங்கள். ஞாயிறு இணைப்பில் இடம் இல்லை என்றால் இந்தக் கடிதத்தை வேண்டுமானாலும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பாசனப் பணியாளர்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்